தோள்வலிக்கு ஒரு சாட்சி

நாச்சிமுத்து அந்த ஜோக்கைச் சொல்லியிருக்கக் கூடாது. ‘சிகிச்சையின்போது பேச வேண்டாம்’ என்று சுவரிலேயே எழுதிப் போட்டிருந்தார்கள். பேசக் கூடாது என்றுதான் போட்டிருந்தது, ஜோக் சொல்லக் கூடாது என்று தனியாகப் போடவில்லையே என்பது பிற்பாடு அவன் தன் மனைவியிடம் எடுத்து வைத்த வாதம். எடுபடவில்லை.

அன்றைக்கு அவன் மேசையில் குப்புறப் படுத்திருந்தான். கழுத்தைச் சுற்றி மெல்லிய பட்டை. முதுகுக்கு மேலே, ரப்பர் உறை மாட்டிய பத்து இரும்பு விரல்கள். பக்கத்தில் ஒரு பச்சைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அதில் முகம் தெரியாத யாரோ ஒருவர், அவர் கழுத்திலும் இதே மாதிரிப் பட்டை. டாக்டர் ஹெப்சிபா பொத்தானைத் தட்டியதும், நாச்சிமுத்துவின் வலது தோளில் நான்கு வருஷமாக வாடகை தராமல் குடியிருந்த வலி, சட்டென்று வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போய்விட்டது.

தோள் இருக்கிற இடமே தெரியவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் சிலர் அழுவார்கள், சிலர் சாமி பெயரைச் சொல்வார்கள். நாச்சிமுத்துவுக்கு வருவது ஜோக்.

“டாக்டர், போன வாரம் ஒரு கல்யாண மண்டபத்து லிஃப்ட்டுல மாப்பிள்ளையும் மாமனாரும் மாட்டிக்கிட்டாங்க. ‘முகூர்த்தம் போகுது, எப்பத்தான்யா வருவீங்க?’ன்னு மாப்பிள்ளை கத்தறாரு. ‘அவசரப்படாதீங்க, யோசிக்கறதுக்குக் கடவுள் டைம் குடுக்கறாரு’ன்னு நான் ஸ்பீக்கர்ல சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் மாமனார் மெதுவாக் கேக்கறாரு, ‘ஏனுங் தம்பி, என்ற கல்யாணத்தப்ப மட்டும் இந்த மண்டபத்துல ஏன் லிஃப்ட்டு வெக்கல?’ ”

“உஷ்” என்றார் டாக்டர்.

ஆனால் திரைக்கு அந்தப் பக்கம், தும்மலை அடக்குவது மாதிரி ஒரு சத்தம் கிளம்பி, அடங்காமல், ஒரு பெண்ணின் சிரிப்பாக வெடித்தது. அடுத்த நொடியே அந்தச் சிரிப்பு அலறலாக மாறிப் பாதியில் நின்றது. விரல்கள் ‘டக்’கென்று மேலே எழும்பின. செருப்புச் சத்தங்கள் ஓடின.

நாச்சிமுத்துவுக்கு ஒன்றுமே தெரியவில்லை. மேசையின் ஓட்டை வழியே தரையைப் பார்த்துக்கொண்டு, பஞ்சு மூட்டை மாதிரிக் கிடந்தான். அவன் தோளில் விழுந்த குத்துக்கு வேறு யாரோ அலறியிருக்கிறார்கள் என்பது அவனுக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது.

“அவங்களுக்கு என்னாச்சுங்க சிஸ்டர்?”

“ஒண்ணுமில்ல சார், படுங்க.”

அந்த ‘ஒண்ணுமில்ல’யை நாச்சிமுத்துவுக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்வதுதான் அவன் பிழைப்பு.

கோயம்புத்தூர் அப்போது மேல்நோக்கி வளர்ந்து முடித்திருந்தது. சரவணம்பட்டியில் நாற்பது மாடிக்குக் கீழே கட்டினால் கோழிக்கூண்டா என்று கேட்டார்கள். மாடி இருந்தால் லிஃப்ட், லிஃப்ட் இருந்தால் நடுவழியில் நிற்பது. மாட்டிக்கொண்டவர்களிடம் மெக்கானிக் வரும்வரை பேச்சுக் கொடுக்க, அவன் வேலை பார்த்த லிஃப்ட் கம்பெனி முதலில் ஒரு கம்ப்யூட்டர் குரலைத்தான் வைத்தது. அந்தக் குரலின் பொறுமை தாங்காமல் பீளமேட்டில் ஒருவர் ஸ்பீக்கரைக் கடித்துவிட்டார். அதற்குப் பிறகு மனிதர்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள். நாச்சிமுத்து அதில் கெட்டிக்காரன். இருட்டில் வேர்த்து நிற்கிறவரை அவனால் சிரிக்க வைக்க முடியும். கம்பெனியின் ஒரே கட்டளை, எத்தனை நேரம் ஆகும் என்று மட்டும் சொல்லக் கூடாது. “வந்துட்டே இருக்காங்க.” “பக்கத்துலதான் இருக்காங்க.” “ஒண்ணுமில்லீங்க.”

நாளெல்லாம் கழுத்தை முன்னால் நீட்டி, தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு இதைச் சொன்னதில் வந்த வலி என்பது அவன் கட்சி. டாக்டர்களின் கட்சி வேறு. எக்ஸ்ரே நார்மல். ஸ்கேன் நார்மல். ஒருவர் தலையணையை மாற்றச் சொன்னார். இன்னொருவர் வெயிலில் நிற்கச் சொன்னார். நின்றதில் தோள்வலியோடு தலைவலியும் சேர்ந்தது. மூன்றாமவர், மனைவி வசுமதி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, “வீட்டுல ஏதாவது டென்ஷனா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியால் வீட்டில் டென்ஷன் வந்தது.

நார்மல், நார்மல் என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ராத்திரி புரளும்போது வலிக்கிறதே, இது வலிதானா? இல்லை, வேலையிலிருந்து தப்பிக்க உடம்பு போடும் நாடகமா? வலியைக்கூடத் தாங்கிவிடலாம் போலிருந்தது. தான் பொய் சொல்கிறோமோ என்பதைத் தாங்க முடியவில்லை. அதனால்தான் எல்லோருக்கும் முந்திக்கொண்டு அவனே தன்னைக் கிண்டல் பண்ணிக்கொண்டான்.

மறுநாள் டாக்டர் ஹெப்சிபாவின் எதிரில் போய் உட்கார்ந்தான். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அன்றைக்கு வலி போனால் போதும் என்றிருந்ததில் கேட்கத் தோன்றவில்லை.

“மரத்துப்போக ஒரு ஊசி போட்டா முடிஞ்சுதுங்களே டாக்டர். எதுக்கு இன்னொருத்தரை உக்கார வெச்சு என் வலியை அவங்களுக்கு மாத்தணும்?”

“மரத்துப்போன தசைகிட்ட மெஷின் என்னத்தைக் கேக்கும்?” என்றார் டாக்டர். “எது முடிச்சு, எது நரம்பு, எவ்வளவு அழுத்தினா அவிழும், எவ்வளவு அழுத்தினா கிழியும்னு வலிக்குத்தான் தெரியும். யாராவது ஒருத்தர் அதை உணர்ந்தே ஆகணும்.”

“நானே உணர்ந்துக்கறனே?”

“உணர்ந்தா உங்க உடம்பு இறுகிக்கும். இறுகின தசையில விரல் இறங்காது. அதுக்குத்தான் அமைதியா உக்காரத் தெரிஞ்ச இன்னொரு உடம்பு. தாங்குநர் கையில ஒரு பந்து இருக்கும். அமுக்கினா ‘இன்னும் ஆழமா’ன்னு அர்த்தம். விட்டா ‘போதும்’.”

நாச்சிமுத்து யோசித்தான். “வலிச்சா யாரா இருந்தாலும் கையை இறுக்கத்தானுங்களே செய்வாங்க? அப்ப மெஷின் இன்னும் அழுத்துமே?”

“அழுத்தும். ஆனா தாங்குநர் மயங்கிட்டா கை தளரும், தளர்ந்தா மெஷின் நிக்கணும். அதனால மாத்தி வெக்க முடியாது. அதுக்குப் பதிலா அவங்க ரெண்டு வருஷம் படிக்கறாங்க. வேற ஒண்ணும் இல்ல, வலிக்கும்போது கையை விரிக்கறது. அவ்வளவுதான் படிப்பு. பாதிப் பேருக்கு மேல ஓடிப் போயிடுவாங்க.”

“அப்ப நேத்து?”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சிரிச்சதுல கை பந்தை இறுக்கிடுச்சு. வலிக்குக் கையை விரிக்கச் சொல்லிக் குடுத்திருக்கோம். சிரிப்புக்கு என்ன பண்றதுன்னு யாரும் சொல்லிக் குடுக்கல. இதுவரைக்கும் அந்த நாற்காலியில யாரும் சிரிச்சதில்ல.”

“இப்ப எப்படி இருக்காங்க?”

“நல்லா இருக்காங்க.”

“நேர்ல பார்த்து ஒரு மன்னிப்பு...”

“முடியாது. சட்டம் அப்படி. ஆரம்பத்துல தனியார்க்காரங்க சிலர், கூலிக்கு நிக்கற ஆளைக் கூட்டிட்டு வந்து படிப்பே இல்லாம நாற்காலியில உக்கார வெச்சாங்க. கை வெளங்காமப் போனவங்க இருக்காங்க. அப்புறம் தாங்குநர்கள் சங்கம் வெச்சு, போராடி, சட்டம் கொண்டுவந்தாங்க. யாரைத் தாங்கறது, எப்ப எந்திரிச்சுப் போறதுங்கறது இப்ப அவங்க இஷ்டம். நோயாளி போய் அவங்களைச் சந்திக்கக் கூடாதுங்கறதும் அதே சட்டம். ஒரு மில் முதலாளி, தன்னோட வலியைத் தாங்கினவரை ஒரு கல்யாண வீட்டுல பார்த்துட்டு, இவனுக்கு நம்ம பலவீனம் தெரியுமேன்னு ஊரையே காலி பண்ணிட்டார். ஒரு அம்மா, வீட்டுக்காரர் நடிக்கறாரான்னு தெரிஞ்சுக்கணும், நானே தாங்கறேன்னு வந்து நின்னாங்க.”

“தாங்கினாங்களா?”

“உறவுக்காரங்க தாங்கக் கூடாதுன்னு விதி வந்ததே அதுக்கப்புறம்தான்” என்றார் டாக்டர். தாங்கினார்களா இல்லையா என்பதற்கு அது பதில் இல்லை. நாச்சிமுத்து கவனித்தான். தொழில்காரனுக்குத் தொழில் தெரியும்.

வீட்டில் வசுமதி முழுக்கதையையும் கேட்டுவிட்டு, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

“இத்தனை வருசத்துல உங்க ஜோக்குக்கு மனசார சிரிச்ச ஒரே பொம்பள. அவளையும் கொல்லப் பார்த்துட்டு வந்திருக்கீங்க.”

“சாகலைடி. நல்லா இருக்காங்களாம்.”

“யாரு சொன்னா?”

“டாக்டர்.”

“நீங்க லிஃப்ட்டுக்காரங்ககிட்டச் சொல்லுவீங்களே, அந்த மாதிரி நல்லாவா?”

அதற்குமேல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. தோளில் வலி பழையபடி வந்து உட்கார்ந்துவிட்டிருந்தது, ஒரு நாள் வெளியூர் போய்வந்த உரிமையோடு.

அந்த வாரம் வசுமதி அவனை விநோதமான காரியம் ஒன்றில் கையும் களவுமாகப் பிடித்தாள். கட்டில் கால் பக்கத்தில் நின்று, கால் சுண்டுவிரலை அதில் மோதி, மோதிய உடனே உள்ளங்கையை விரித்துக்கொண்டிருந்தான். விரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பதுதான் சரி. ஒவ்வொரு தடவையும் முஷ்டி தானாகவே இறுகியது, வாயும் கூடவே ஏதோ சொன்னது.

“என்னங்க பண்றீங்க?”

“படிக்கறேன்.”

“பாஸா?”

“ஒரு சப்ஜெக்ட் கூட இல்ல.” கட்டிலில் உட்கார்ந்து விரலைத் தடவினான். “வசு, இதை அவங்க அரை மணி நேரம் செய்யறாங்க. யாருன்னே தெரியாதவனுக்காக. கையைத் திறந்து வெச்சுக்கிட்டு, அசையாம, வலியை ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பாத்து ‘இது முடிச்சு, இது நரம்பு’ன்னு. சுண்டுவிரலுக்கே நான் எங்கம்மாவைக் கூப்பிடறேன்.”

வசுமதி சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவன் வலது தோளைக் கட்டைவிரலால் அழுத்திவிட ஆரம்பித்தாள். எப்போதும் சரியாகத் தவறான இடத்தில் அழுத்துவாள். அன்றைக்கும் அப்படித்தான். அவன் “ஆங், அங்கதான்” என்றான்.

வேலையிலும் ஏதோ பிசகியது. சிங்காநல்லூர் அடுக்குமாடி ஒன்றில் ஓர் அம்மாள் மாவுப் பாத்திரத்தோடு லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டார். அவன் இரண்டு ஜோக் சொன்னான். அந்த அம்மாள் இரண்டுக்கும் சிரிக்கவில்லை.

“தம்பி, விளையாட்டெல்லாம் போதும். எப்ப வருவாங்க? நெசத்தைச் சொல்லு.”

பக்கத்தில்தான் இருக்கிறார்கள் என்பது நாக்கு நுனிவரை வந்தது. ‘நல்லா இருக்காங்க’ என்ற டாக்டரின் குரல் காதில் கேட்டது. “மெக்கானிக் இப்பத்தானுங்க கெளம்பறான். முக்கால் மணி நேரமாச்சும் ஆகுங்கம்மா.”

அப்புறம் பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம். “இதை அப்பவே சொல்லியிருந்தா அப்பவே உக்காந்திருப்பேனில்ல. கால் கடுக்குது பாரு.” சற்று நேரத்தில் மெல்லிய குறட்டை கேட்டது. மேற்பார்வையாளர் கூப்பிட்டு, கம்பெனி கட்டளையை நினைவுபடுத்தினார்.

அதற்கு அடுத்த நாள்தான் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. விதியில் ஒரு ஓட்டை உண்டாம். தாங்கினவரே கேட்டால் சந்திக்கலாமாம். அவர் கேட்டிருக்கிறாராம். மாலை கேன்டீனுக்கு வரவும்.

ஒடிசலான ஒரு பெண்ணை, கட்டுப்போட்ட கையோடு, நாச்சிமுத்து மனதில் வரைந்துவைத்திருந்தான். கேன்டீன் மூலை மேசையில் இருந்தவர் கதவு அகலத்துக்கு இருந்தார். அறுபதை நெருங்கும் வயது. வெட்டிவிட்ட நரைமுடி. இடது கையில் டீ கிளாஸ். வலது கை மடியில் சும்மா கிடந்தது.

“நீங்கதானா அந்த லிஃப்ட்டு?” என்றார். கேன்டீனே திரும்பிப் பார்த்தது. மைதானத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கிற குரல். “நான் கலாமணி. பி.டி. மிஸ்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ. உக்காருங்க. கையைக் கட்டிக்கிட்டு நிக்கறதுக்கு நீங்க என்ன ஆறாங்கிளாஸா?”

உட்கார்ந்தான். “மன்னிச்சுக்குங்க மேடம். நான் அன்னிக்கு...”

“மேடமெல்லாம் வேண்டாம், அக்கான்னே சொல்லுங்க. ஜோக்கு சுமாரா இருந்துச்சு, அதுக்கு வேணா மன்னிப்புக் கேளுங்க. மத்தது என்ற கை பண்ணின தப்பு.”

“கை இப்ப...?”

“கைக்கு ஒரு கேடும் இல்ல. குத்துப்பட்டது உங்க தோளு. அது என்ற மண்டைக்குத்தான் இன்னும் புரியல. தலை சீவலாம்னு தூக்கினா, ‘வேண்டாம், அடிபட்டிருக்குது’ன்னு பாதியில நிறுத்திப்போடுது. ‘அட முட்டாளே, அது நீ இல்ல, அந்த லிஃப்ட்டுக்காரன்’னு நானும் தெனமும் சொல்றேன். இன்னும் ரெண்டு வாரத்துல கேட்டுக்கும். எங்களுக்கெல்லாம் இப்படி அங்கங்க ஏதாச்சும் தங்கிப்போகும். போன வருசம் ஒருத்தரோட பல்லுவலி. நான் கட்டியிருக்கறது பல்செட்டு, தெரியுங்களா?”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். இந்தத் தடவை ஜோக்கைக் கேட்கிற இடத்தில் நாச்சிமுத்து இருந்தான். அவனுக்கு அது புது அனுபவம்.

“ஏனுங்கக்கா இந்த வேலைக்கு வந்தீங்க? நிம்மதியா வீட்டுல இருக்கலாமே?”

“வீட்டுல உக்காந்து சீரியல் பாக்கறதும் வலிதானுங் தம்பி.” டீயை ஒரு வாய் குடித்தார். “ஒண்ணு சொல்றேன். பட்டையை மாட்டி, வலி இந்தப் பக்கம் வந்ததும், திரைக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கறவங்க மூச்சு மாறும். எத்தனையோ வருசமா மேல் மூச்சு மட்டும் விட்டவங்க, மொத மொதல்ல அடிவயித்துலருந்து இழுத்து விடுவாங்க. எனக்கு அது நல்லாக் கேக்கும். அதைக் கேக்கறதுக்காகவே வரலாம். உங்க மூச்சும் கேட்டுச்சு. கேட்டு நான் நிம்மதியா உக்காந்திருந்தா, நீங்க மாமனார் கதையை எடுக்கறீங்க.”

“இனிமே வாயே திறக்கமாட்டனுங்க.”

“அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். கை சரியானதும் மறுபடி நாந்தான் உக்காரப்போறேன்.”

“ஐயோ, வேண்டாமுங்கக்கா. இவ்வளவு ஆனதுக்கப்புறம்...”

“முடிச்சு பாதி அவிழ்ந்திருக்குது. புது ஆளு வந்தா மொதல்லருந்து தேடணும். எனக்கு வழி தெரியும்.” கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, ஓட்டப்பந்தயத்தில் விசில் ஊதும் முன்பே கோட்டைத் தாண்டி நின்றவனைப் பார்ப்பது மாதிரி அவனைப் பார்த்தார். “நீங்களும் வந்ததுலருந்து எதையோ கேக்கறதுக்கு வாயெடுத்து முழுங்கறீங்க. கேளுங்க.”

அவன் தன் முன்னால் வந்திருந்த டீ கிளாஸைச் சுற்றினான். இந்த இடத்தில் போடத் தோதாக மூன்று ஜோக்குகள் தயாராக வரிசையில் நின்றன. மூன்றையும் வெளியே அனுப்பினான்.

“அங்க... ஏதாச்சும் இருந்துச்சுங்களா அக்கா?”

“எங்க?”

“என்ற தோளுல. ஸ்கேன்ல ஒண்ணுமில்லைங்கறாங்க. டென்ஷன்ங்கறாங்க. எங்க ஆபீஸ்ல, லீவு வேணும்னா இவனுக்குத் தோளு வலிக்கும்ங்கறாங்க. கேட்டுக் கேட்டு எனக்கே தெரியாமப் போச்சு. இது நெசமாவே வலிக்குதா, நானா உண்டு பண்ணிக்கறேனா? யாருகிட்டயும் போய்ப் பாத்துச் சொல்லுன்னு கேக்க முடியாது. அங்க போய்ப் பாத்துட்டு வந்தது இந்த ஒலகத்துலயே நீங்க ஒருத்தர்தான். மனசு நோகுமேன்னு பாக்காதீங்க. ஒண்ணுமில்லைன்னாலும் சொல்லிருங்க.”

கலாமணி டீ கிளாஸை ஓரமாக நகர்த்தினார். கேன்டீன் பையன்கள் யாரோ பாத்திரம் உருட்டினார்கள்.

“சுத்தி வளைக்காமச் சொல்றேன். சின்ன வலி.”

நாச்சிமுத்து தலையாட்டினான். சிரிக்கவும் முயன்றான். நான்கு வருஷம் ஊரைக் கூட்டியது ஒரு சின்ன வலிக்கு. எழுந்திருக்க நாற்காலியைப் பின்னால் தள்ளினான்.

“நான் முடிக்கல, உக்காருங்க” என்றார் பி.டி. மிஸ். உட்கார்ந்தான்.

“நான் பிரசவ வலி தாங்கியிருக்கேன். கிட்னிக் கல்லு தாங்கியிருக்கேன். அதெல்லாம் பெருசு. ஆனா அலையாட்டம் வரும், போகும், நடுவுல மூச்சு வாங்கிக்கலாம். கத்தினா நாலு பேரு ஓடி வருவாங்க. உங்களுது கத்தற அளவுக்குப் பத்தாது. ஆனா ஒரு நொடி நம்மளை விட்டு அக்கட்டால போகல. உக்காந்த கொஞ்ச நேரத்துலயே எனக்கு நர்ஸ் மேல எரிச்சல், ஃபேன் மேல எரிச்சல், துபாய்ல சும்மா இருக்கற என்ற மக மேல எரிச்சல். இதை வெச்சுக்கிட்டு ஒரு மனுசன் நாலு வருசமா எப்படி அடுத்தவங்களுக்குச் சமாதானம் சொல்லிப் பொழைக்கறான்னு நான் அந்த நாற்காலியில உக்காந்து ஆச்சரியப்பட்டுட்டு இருந்தேன்.”

இடது கையை நீட்டி, மேசைக்குக் குறுக்கே அவன் வலது தோளின் பின்பக்கம், எலும்பின் உள்ஓரத்தில், யாரும் இதுவரை சரியாகத் தொட்டிராத அந்த இடத்தில் ஒரு விரலை வைத்தார்.

“இருக்குதுங் தம்பி. நெசமாவே இருக்குது. இங்கதான். நான் போய்ப் பாத்துட்டு வந்திருக்கேன்.”